யாரும் தொடாத ஆடு

சிட்னியில், லிட்கம் பகுதியில் குடியிருந்த காலத்தில் ஒரு விருந்து மண்டபத்தின் குசினியில் கோப்பை கழுவினேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவளுக்கு வேறு என்ன வேலை கிடைக்கும்? அதுவும் போய்விடுமோ என்று பயந்தபடிதான் கழுவினேன். ஒரு கிண்ணம் உடைந்தால் அன்றைக்கு முழுக்க முதலாளியின் கண்ணில் படாமல் திரிவேன்.

சமையற்காரர் யேமன் நாட்டவர். என்னை 'சிஸ்டர்' என்பார். நான் 'பிரதர்' என்பேன். இருவருக்கும் தெரிந்தது அரைகுறை இங்கிலீஷ்தான். அவருடைய தம்பி குடும்பம் அந்த வாரம்தான் யேமனிலிருந்து வந்து இறங்கியிருந்தது. பெருநாளுக்குக்கூட இறைச்சி காணாத பிள்ளைகள் என்று சொல்லுவார்.

என்னோடு கோப்பை கழுவிய யாழ்ப்பாணத்து அண்ணை அதை நம்பவில்லை.

"அரபிக்காரனுக்கு என்ன தங்கச்சி குறை? மண்ணைத் தோண்டினா எண்ணெய்."

"அவரின்ரை ஊரில குடிக்கத் தண்ணியே இல்லையாம், அண்ணை."

"சும்மா கதை விடுறார். நீரும் வாயைப் பிளந்துகொண்டு கேளும்."

அன்றைய விருந்து வளைகுடாப் பணக்காரர் ஒருவருடையது. மகன் சிட்னியில் படித்து முடித்ததற்காக. பெரிய தட்டங்களில் சோறு பரப்பி, மேலே முழு ஆடு. முக்கியமானவர்கள் சாப்பிட்டு எழும்பியதும் சமைத்தவர்களும் வேலையாட்களும் அதே தட்டத்தைச் சுற்றி உட்காருவது அவர்கள் பக்கத்து வழக்கமாம். அந்த நம்பிக்கையில் பிரதர் முன்கூட்டியே அந்தப் பணக்காரரிடம் கேட்டார், கடைசித் தட்டம் மிஞ்சினால் வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று. அவர் நெஞ்சில் கைவைத்து, தாராளமாக என்றாராம். இன்றைக்குச் சமைக்க வேண்டாம் என்று பிரதர் தம்பி வீட்டுக்கு ஃபோனும் பண்ணிவிட்டார். எனக்குத்தான் பதற்றம். சொன்ன சொல்லை அந்த மனிதர் மாற்றிவிட்டால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

விருந்து முடிந்து தட்டங்களை எடுக்கப் போனோம். கடைசி ஆட்டை ஒருவரும் தொட்டிருக்கவில்லை. மகனும் கூட்டாளிகளும் அதைச் சுற்றி நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சாம்பல் கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மகன் சிகரெட்டைச் சோற்றுக்குள் குத்தி அணைத்தான். பிரதர் பதறிப்போய் அரபியில் ஏதோ சொன்னார். அவன் சிரித்தபடி ஒரு பதில் சொன்னான். உடனே மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குத்தினார்கள். தகப்பன் பார்த்துக்கொண்டே பல்லைக் குத்தினார்.

"என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

"யேமன்காரன் எதையும் சாப்பிடுவானாம்," என்றார் பிரதர்.

 அவர்கள் உட்கார்ந்த கதிரையைத் துடைக்கவே எனக்கு அருவருத்தது.

"த்தூ!" என்றார் அண்ணை. "ஒரே பாஷை, ஒரே சாமி. தங்கடை ஆளுக்கே இப்பிடிச் செய்யுதுகள். உந்த ஆட்டைக் குப்பையில கொட்டச் சொல்லும், தங்கச்சி."

பிரதர் கொட்டவில்லை. தட்டத்தைக் குசினிக்குள் தூக்கி வந்தார். சாம்பல் படிந்த சோற்றை ஒதுக்கிவிட்டு, இறைச்சியைத் துண்டு துண்டாகக் கழற்றி என் தொட்டியருகே வைத்தார்.

"சுடுதண்ணீரைத் திறந்துவிடுங்கள், சிஸ்டர்."

திறந்தேன். விடியற்காலையிலிருந்து அவர் தேய்த்து ஊறவைத்த மசாலா எல்லாம் மஞ்சளாய்க் கரைந்து தொட்டிக்குள் போனது. அவர் விடாமல் கழுவினார்.