அக்காவின் நலங்கு மாவு யார் முகத்தையும் கெடுக்கவில்லை

எங்கள் அக்கா மறைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று குடும்பத்தில் எல்லோரும் சொன்னார்கள். சொல்லும்போதே, "நல்லதா நாலு வார்த்தை எழுதுப்பா, பழசையெல்லாம் கிளறாதே" என்றும் சொன்னார்கள். ஒருவர் இருவர் அல்ல, ஏழு பேர். அக்காவைப் பற்றி நல்லதாக எழுத எனக்கு ஒரு தடையும் இல்லை. ஆனால் அவருக்கு நடந்ததை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாருடைய வாழ்க்கையோ ஆகிவிடும். ஆகவே இதைக் கையில் வாங்கும் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அக்கா பத்து வருஷத்துக்கு மேல் பொறுத்துக்கொண்டார். உங்களுக்குப் பத்து நிமிஷம்தான் ஆகும்.

அக்கா பிறந்தது பெங்களூர் அல்சூரில், ஏரிக்குப் போகும் சந்தில் இருந்த ஓட்டு வீட்டில். அப்பா சின்ன வயதிலேயே வட ஆற்காட்டிலிருந்து வந்து, கண்டோன்மெண்டில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி வீட்டில் பட்லராக இருந்தவர். அக்கா மூத்தவர், நான் அவருக்கு இரண்டு வயது இளையவன். எங்களுக்குப் பின்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை.

சுதந்திரம் வந்த வருஷம் துரை குடும்பம் கப்பலேறிவிட்டது. அப்பாவுக்கு வேலை போயிற்று. துரைசானி கொடுத்துவிட்டுப் போன ஒரு தகரப் பெட்டிதான் மிச்சம். கரி அடுப்பின் மேல் வைத்து ரொட்டியும் கேக்கும் சுடுகிற பெட்டி அது. அதே வருஷம் அக்காவுக்குப் பெரியம்மை போட்டது. பதினேழு வயது. பிழைத்து எழுந்தார், ஆனால் முகம் முழுவதும் தழும்பு.

அம்மா வீட்டிலிருந்த ஒரே கண்ணாடியைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார். தலைக்குத் தண்ணீர் விட்ட பத்தாம் நாள் அக்கா ஸ்டூலைப் போட்டு ஏறி அதை எடுத்து, அடுப்படியில் ஆணி அடித்து மாட்டினார். அம்மா அழுதார்.

"நான் இன்னா பேயா, பாத்து பயந்துக்கறதுக்கு? இருக்கிற மூஞ்சிதானே. பாத்துட்டுப் போறேன்" என்றார் அக்கா.

அன்று தொடங்கியது அவருடைய அடுப்படிச் சோதனை. அது பொழுதுபோக்கு என்று சிலர் நினைத்தார்கள். இல்லை. அரிசி ரேஷனில் வந்த காலம். வந்ததும் பாதி கல். ராகி மட்டும் தாராளமாகக் கிடைத்தது. மூன்று வேளையும் களி தின்று அலுத்துப்போன எங்களுக்காக அக்கா ராகியை ஊறவைத்தார், முளைகட்டினார், வறுத்தார், பாலெடுத்தார். ராகியில் இடியாப்பம் பிழிந்தார். வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து, துரைசானியின் தகரப் பெட்டியில் ராகி பிஸ்கோத்து சுட்டார். முதல் ஏழெட்டு முறை அது ஓட்டுச்சில்லு மாதிரி இருந்தது. பிரேசர் டவுனில் இருந்த எங்கள் பெரியப்பா, பெரியம்மா வீட்டில் எங்களுக்குக் "களிதின்னிக் குடும்பம்" என்று பெயர். கேலி செய்த அதே வாய்கள் பிறகு அந்த பிஸ்கோத்துக்காக டப்பா கொடுத்தனுப்பின.

தழும்புக்காகவும் அவர் தேடினார். ஆரஞ்சுப் பழத் தோலைக் காயவைத்து இடித்தார். மைசூர்ப் பருப்பைப் பாலில் ஊறவைத்து அரைத்தார். சந்தனம், தயிர், வெள்ளரிக்காய், அரிசி கழுவிய நீர் என்று ஒன்று பாக்கியில்லை. எதைச் செய்தாலும் முதலில் தன் இடது கை முழங்கைக்குக் கீழே உள்பக்கத்தில் பூசி மூன்று நாள் பார்ப்பார். பார்த்ததைக் கோடு போட்ட ஒரு நோட்டில் எழுதுவார். "பப்பாளிக்காய்ப் பால்: எரிந்தது, கொப்புளம். யாருக்கும் கூடாது." "பீட்ரூட்டும் தேன்மெழுகும், உதட்டுக்கு: நிறம் அழகு, அரிப்பு. தப்பு." தப்பு என்று அவர் எழுதிய பக்கங்கள்தான் அந்த நோட்டில் அதிகம். தழும்பு போகவில்லை. நாலு வருஷம் பார்த்துவிட்டு, "இது போவாதுடா தம்பி. ஆனா மத்ததெல்லாம் கத்துக்கிட்டேன்" என்று சிரித்தார்.

பெண் பார்க்க வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜோலார்பேட்டையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தில் மாப்பிள்ளையின் தாயார் அக்கா சுட்ட பிஸ்கோத்தை மூன்று தடவை கேட்டு வாங்கினார்.

"ராகின்னு சொன்னாத்தான் தெரியுது. யாரு செஞ்சது?"

"பொண்ணுதாம்மா செஞ்சா" என்றார் அம்மா. அக்கா காபியோடு வந்தார். அந்த அம்மாளின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. காபியைக் குடிக்காமல் புறப்பட்டார்கள்.

அடுத்த இரண்டு வருஷத்தில் அம்மா போய்ச் சேர்ந்தார். வீட்டை அக்கா நடத்தினார். அவருடைய சிகைக்காய்ப் பொடியும் குளியல் மாவும் பிரேசர் டவுன் வரைக்கும் போயின. அவர் கையால் அரைத்தது என்றால் பச்சைக் குழந்தைக்கும் பூசலாம் என்ற பெயர் வந்தது. அந்தப் பெயரை நம்பித்தான் பெரியம்மாவே நேரில் வந்து, "தேவகி கல்யாணத்துக்கு உன் கையால நலங்கு மாவு அரைச்சுக் குடுடி. பொண்ணு மூஞ்சி மினுக்கணும்" என்று கேட்டார். தேவகி அவருடைய மகள்.

பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ். இவ்வளவுதான் அதில் இருந்தது. அக்கா வழக்கப்படி முதலில் தன் கையில் பூசிப் பார்த்தார். பிறகு தேவகியின் கையில் மூன்று நாள். அதற்குப் பிறகுதான் முகத்தில், கல்யாணத்துக்கு முன் எட்டு நாள். தேவகிக்கு ஒன்றும் ஆகவில்லை, முகம் தெளிந்தது. அத்தோடு பெரியம்மாவுக்குத் திருப்தி வரவில்லை. மாப்பிள்ளை சிவப்பு, பெண்ணும் சிவக்க வேண்டும் என்று ஆசை.

முகூர்த்தத்தன்று காலையில் சத்திரத்தில் பெண்கள் அறையிலிருந்து சத்தம் கேட்டு ஓடினேன். தேவகியின் முகம் வீங்கிச் சிவந்து, கண்கள் இடுங்கிப் போயிருந்தன. பெரியம்மா அக்காவின் தலைமயிரைப் பிடித்திருந்தார்.

"என் பொண்ண இன்னாடி பண்ணே? உன் மூஞ்சிதான் இப்படி ஆயிப்போச்சுன்னு அவ மூஞ்சியையும் கெடுத்துட்டியா?"

அக்கா அவர் கையை விலக்கினார். "பெரியம்மா, எட்டு நாளா பூசறோம், ஒண்ணும் ஆவலை. நேத்து சாயங்காலம் நான் போனப்புறம் வேற இன்னா பூசினீங்க?"

பெரியம்மா உரக்க அழத் தொடங்கினார். தேவகி தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா அவள் படுத்திருந்த தலையணையின் உறையை உருவி என்னிடம் நீட்டினார்.

"தம்பி, மோந்து பாருடா. என் மாவுல எண்ணெய்ப் பசையே கிடையாது."

உறையில் கன்னம் பட்ட இடத்தில் எண்ணெய்க் கறை இருந்தது. ஒரு களிம்பு நெடி அடித்தது. நான் அதை எடுத்துக்கொண்டு ஆண்கள் இருந்த கூடத்துக்குப் புறப்பட்டேன். வாசற்படியிலேயே அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அத உள்ள வை. தாலி ஏறட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

"அப்பா, அக்காவப் போயி..."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காதுல விழுந்தா கல்யாணம் நின்னுபூடும். வாய மூடு."

மூடினேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மீசை இருந்தது, உத்தியோகம் இருந்தது, வாய் மட்டும் இல்லை. தேவகியின் முகத்துக்குக் கட்டியாகப் பவுடர் போட்டு, பூச்சரத்தால் மறைத்து மணையில் உட்கார வைத்தார்கள். "நேரம் ஆவுறதுக்குள்ள இவள வெளிய அனுப்புங்க" என்று பெரியம்மா சொன்னார். அக்கா தனியாக அல்சூருக்கு நடந்து போனார். கூடவே நான் போயிருக்க வேண்டும். போகவில்லை. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பாயசம்கூட இரண்டாம் முறை வாங்கினேன். இந்த மலரைப் படிப்பவர்களில் அன்று என் இலைக்குப் பக்கத்து இலையில் சாப்பிட்டவர்கள் இருக்கிறீர்கள். நாம் என்ன செய்தோம் என்று உங்களுக்கும் தெரியும்.

தேவகியின் வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது. அக்காவின்மேல் போட்ட பழி வடியவில்லை. பிரேசர் டவுன் வீடுகளில் ஒவ்வொன்றாக அவருடைய மாவை நிறுத்தினார்கள். வளைகாப்புக்கும் பெயர்சூட்டலுக்கும் அழைப்பு நின்றது. அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலையில் இருந்த ஒருவர், நல்ல மனிதர், தழும்பு எனக்குப் பொருட்டில்லை என்று அக்காவைக் கட்டிக்கொள்ளப் பேசி முடிக்கும் நிலையில் இருந்தார். அவர் வீட்டிலிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. 'கல்யாணப் பெண்ணுக்கே மருந்து வைத்தவள் என்று கேள்விப்பட்டோம்.' அக்கா அதைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டார். அன்று மத்தியானம் எங்களுக்கு உப்பில்லாத குழம்பு. அவர் சமையலில் பிழை என்று நான் கண்டது அந்த ஒரு நாள்தான்.

அப்பா இருந்தவரை ஒவ்வொரு தீபாவளிக்கும் அக்கா அவரைக் கேட்பார். "அப்புறம் பேசிக்கலாம்னு சொன்னீங்களே அப்பா, அந்த அப்புறம் எப்போ?" அப்பா எண்ணெய் தேய்த்துக்கொண்டே குனிந்திருப்பார். பேசாமலே போய்விட்டார். என் அப்பாதான், ஆனாலும் எழுதுகிறேன்.

முன்வாசலில் மருந்துக்காரி என்று சொன்னவர்கள் பின்வாசலில் வந்து நின்றதையும் நான் பார்த்தேன். முடி கொட்டுகிறது என்று வந்தார்கள். பிள்ளை பெற்ற வயிற்றுக்கு எண்ணெய் கேட்டார்கள். வேர்க்குருவுக்கு வெட்டிவேர்ப் பொடி கேட்டார்கள். "நான் வந்தேன்னு சொல்லாதீங்க" என்பார்கள். பெரியம்மாவின் மகனுக்குக் காமாலை வந்து எதுவும் வயிற்றில் தங்காமல் போனபோது, முளைகட்டிய ராகிக் கஞ்சிக்கு ஆள் வந்தது. நான் கத்தினேன்.

"அவங்களுக்கா செய்யப்போறே?"

"அவன் வயிறு என்னை ஒண்ணும் சொல்லலியே. பத்து நாளைக்குக் குடுத்தனுப்பறேன். அந்தப் பொம்பள நேர்ல வந்தான்னா கரண்டியாலயே அடிப்பேன், அது வேற" என்றார் அக்கா.

அவரைச் சாந்த சொரூபி என்று யாரும் பேச வேண்டாம். அவருக்குக் கோபம் இருந்தது. அதை வைத்துக்கொண்டே அடுத்தவர் வயிற்றுக்குக் கஞ்சி காய்ச்சினார்.

போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்திலிருந்து அவருக்கு மூச்சு வாங்கியது. இதயத்தில் கோளாறு என்றார்கள். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். பத்தாம் நாள்கூட என் மனைவியிடம், "அவரைக்காய் சீசன் வந்துடிச்சாமா? அந்தப் பருப்புல வடை தட்டினா உதிராம வர ஒரு யோசனை இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை போய்விட்டார். முப்பத்தாறு வயது.

வீட்டில் கிடத்தியிருந்தோம். பெரியம்மா வந்தார், மாரில் அடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்து கேட்டார்.

"அந்த நோட்டு எங்கப்பா வெச்சிருக்கா? வேற யார் கையிலயாவது போயிடப்போவுது."

அக்காவுக்கு இன்னும் மாலைகூடப் போடவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் தேவகி எழுந்தாள். இப்போது அவளுக்கு மூன்று குழந்தைகள்.

"அம்மா, நோட்டு எதுக்கு உனக்கு? அந்தக் களிம்ப நீதானே பூசின. வேணாம் வேணாம்னேன், கன்னத்தைப் புடிச்சுப் பூசின. வெளிய சொன்னா கல்யாணம் நின்னுபூடும்னு என் தலைமேல சத்தியம் வாங்கின. இவங்க ஒண்ணும் பண்ணல. கேட்டுக்குங்க எல்லாரும், இவங்க ஒண்ணும் பண்ணல."

யாரோ ஒரு பெரியவர், "சாவு வீட்ல இதெல்லாம் எதுக்கும்மா" என்றார். தேவகி அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவளைத் தேற்றவில்லை. அந்தச் சொல்லைக் கேட்க வேண்டியவர் கேட்கும் நிலையில் இல்லை. அக்கா இருக்கும்போது வந்து சொல்லப் பத்து வருஷத்தில் எத்தனை நாள் இருந்தது! ஆனாலும் அவள் சொன்னாள். நான் சொல்லவில்லை. இந்த வரியை எழுதும்போது என் மேல்தான் எனக்கு அதிகக் கோபம்.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்கள். பக்கத்து வீட்டுப் புட்டம்மா, பழி வந்த நாளிலும் தன் பேரக்குழந்தையை அக்காவின் மாவால்தான் குளிப்பாட்டினார். "ஏனு பேக்காதரு ஹேளலி, என்ன வேணும்னாலும் சொல்லட்டும், அந்தக் கை எனக்குத் தெரியும்" என்று குழாயடியில் எல்லோர் காதிலும் விழச் சொன்னவர் அவர் ஒருவர்தான். சிவாஜிநகர் நாட்டு மருந்துக் கடை பாய், நல்ல கஸ்தூரி மஞ்சள் வந்தால் அக்காவுக்கென்று எடுத்து வைத்தார். கடைசி நாள் தோளும் கொடுத்தார். பதினோரு நாளும் ஆஸ்பத்திரியில் உடன் இருந்த என் மனைவிக்கும், முகம் சுளிக்காமல் அக்காவைத் துடைத்துவிட்ட ஆயா அம்மாவுக்கும், பிந்தியாவது வாய் திறந்த தேவகிக்கும் என் வணக்கம். மற்றவர்கள் வந்தீர்கள், மாலை போட்டீர்கள். அதற்கான மரியாதை உண்டு. நன்றி இல்லை.

நோட்டு என்னிடம் இருக்கிறது. வேண்டியவர்கள் வந்து, அக்கா எழுதியது என்று வாய்விட்டுச் சொல்லிக் கேட்டால் பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

மலர் அச்சகத்திலிருந்து வந்ததும் முதல் பிரதியைப் பிரேசர் டவுனுக்கு நானே எடுத்துப்போகிறேன். பெரியம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அவரை எதிரில் உட்கார வைத்து, முதல் வரியிலிருந்து ஒன்று விடாமல் நான் படித்துக் காட்டுவேன். அவர் எழுந்து போனால், அவர் திரும்பி வரும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து படிப்பேன்.

அல்சூர், பெங்களூர்
தம்பி