கத்தி என் கையில் இருந்த நேரம்

என் கணவரின் விரல்களை வெட்டியது அவருடைய சொந்தத் தமையன். வெட்டிய கத்தியை எடுத்து அந்தத் தமையனின் கழுத்துக்கு மேலே ஓங்கியவள் நான். ஆனால் வெட்டவில்லை. ஏன் வெட்டவில்லை என்று ஊரே ஒரு காரணம் வைத்திருக்கிறது. என் கணவருக்கு மட்டும் அந்தக் காரணம் ஒன்றும் போதவில்லை.

சுருவிலில் எங்கள் காணியும் தமையனின் காணியும் ஒரே வேலியால் பிரிந்தவை. பழைய ஓலையை அவிழ்த்துப் புது ஓலை கட்டும்போதெல்லாம் யாராவது ஒருவர் வேலிக் கம்பான கதியாலைக் கொஞ்சம் தள்ளி நடுவார். எங்கள் ஊர் வேலிக்குக் கால் இருக்கிறது. சகோதரங்கள் வெளிநாட்டில் இருந்து தொலைபேசியில் அழுது சமாதானம் பேசுவார்கள். அடுத்த தடவையும் வேலி நடக்கும்.

அன்று காலை தமையன் நட்டிருந்த கதியாலை என் கணவர் பிடுங்கப் போனார். ஓலை வெட்டிக்கொண்டிருந்த கத்தியோடு தமையன் ஓடி வந்தார்.

“கையை எடடா!”

“ஏலாது. என்ர காணி.”

கத்தி இறங்கியது. வலது கை விரல்கள் மணலில் விழுந்தன. கணவர் போட்ட சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. தமையன் கத்தியைப் போட்டுவிட்டு வேலியோரம் குந்தித் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் கத்தியை எடுத்தேன். அமைதியாக எடுத்தேன் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சுத்தப் பொய். அந்தத் தலை உருள வேண்டும் என்று எனக்கு வெறி. இரத்தம் பிசுபிசுத்த பிடியை இரண்டு கையாலும் இறுக்கினேன்.

கீழே கழுத்து தெரிந்தது. நரை மயிர். வேர்க்குரு. அதன்மேல் யாரோ போட்டுவிட்ட பவுடர், வியர்வையில் திட்டுத்திட்டாக. அதைப் பார்த்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அவை தெரிந்தன, அவ்வளவுதான். கொதிப்பும் அங்கேதான் கிடந்தது, அடுப்பில் யாரோ வைத்துவிட்டுப் போன பானை மாதிரி. தமையன் என்றொருவர் இல்லை. நான் என்றொருத்தியும் இல்லை. பிறகு கை தானாகக் கீழே வந்தது.

அப்பா தென்பகுதியில் புடவைக்கடை வைத்திருந்த காலத்தில் பக்கத்து வீட்டுச் சிங்கள மனிசியோடு பௌர்ணமிப் போயா நாட்களில் புத்த விகாரைக்குப் போவேன். பார்ப்பது உண்டு, பார்ப்பவர் என்று உள்ளே ஒருவர் இல்லை என்று அங்கே பிக்கு சொல்வார். அப்படியென்றால் வடை தின்பது யார் என்று நான் சிரிப்பேன். இப்போதும் நயினாதீவுக்குப் போனால் அம்மனைக் கும்பிட்டுவிட்டு விகாரைக்கும் ஒரு நடை போய்வருவேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று மச்சாள்மார் நக்கலடிப்பார்கள். அன்றைக்கு வேலியடியில்தான் பிக்குவின் பேச்சு எனக்கு விளங்கியது.

“பெரிய மனசுக்காரி,” என்றது ஊர். எனக்கு எரிச்சல்தான் வந்தது. முடிவு என்னுடையதாக இருந்திருந்தால் கட்டாயம் வெட்டியிருப்பேன்.

விரல்களைப் பொருத்த முடியவில்லை. தமையன் பொலிஸுக்குப் போய்ப் பிணையில் வந்து, அதே வேலிக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டு திரிகிறார். என் கணவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போன விரலைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது. மத்தியானத்தில் சோறு குழைத்து நான்தான் தீத்திவிடுவேன். வாயைத் திறப்பார், கண்ணைப் பார்க்கமாட்டார்.

ஒரு நாள் கேட்டார்.

“கத்தி உம்மட கையிலதானே இருந்தது?”

“ஓம்.”

“பேந்து ஏன் வெட்டேல்லை?”

உண்மையைச் சொன்னால் விளங்கிக்கொள்வார் என்று நம்பினேன்.

“கோபம் இருந்தது. கழுத்து தெரிஞ்சது. வெட்டுறதுக்கு நான் எண்டு ஒருத்தி அங்க இருக்கேல்லையப்பா.”

வாயில் இருந்த சோற்றை மென்று விழுங்கினார்.

“என்ர விரல் போகேக்க நான் இருந்தனான்,” என்றார். “முழுக்க நான்தான் இருந்தனான்.”

நான் அடுத்த கவளத்தை நீட்டினேன். அவர் சோற்றுக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, இடது கையில் கரண்டியைப் பிடித்தார். சோறு அவர் கட்டியிருந்த சாரத்தில் கொட்டியது. என்னைத் துடைக்கவும் விடவில்லை.