யாரும் மாட்டாத கிளிப்

கதை எழுதத் தெரிந்தவன் இல்லை நான். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நேரங்களை அன்றே நோட்டில் குறித்து வைத்தேன். நடந்தது பட்டப்பகலில், ராஜா அண்ணாமலைபுரத்தில், என் வீட்டில்.

எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு நாடித்துடிப்பு காட்டும் மானிட்டர் செய்கிறது. கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும்போது, அதிலிருக்கும் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை மென்பொருள், மானிட்டரை இயக்கும் கெர்னலிடம் ஒரு டேட்டா டேபிளைக் கொடுக்கும். டேபிளின் நீளம் இவ்வளவு என்று அது சொல்வதை நம்பக் கூடாது. சரிபார்க்க வேண்டும். தவறினால் மானிட்டர் ஹேங் ஆகிவிடும். கடைசியாக இருந்த எண் திரையில் அப்படியே நிற்கும்.

இதைச் சரிபார்க்கும் புரோகிராமை எழுதியவள் தீபிகா, என் டீமில் புதியவள். "ஹரி சார், நீளம் செக் பண்ற இடத்த மட்டும் ஒரு தடவ பாத்துடுங்க. எனக்கு டவுட்டா இருக்கு" என்று கேட்டிருந்தாள். நான் தி.நகரில் ஒரு துணிக்கடையில் நின்றிருந்தேன். திறந்துகூடப் பார்க்காமல், ஃபோனிலேயே சரி என்று அழுத்தினேன்.

ஆறு வாரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் மானிட்டர் ஹேங் ஆனது. நோயாளி இறந்துவிட்டார். எங்களுக்குச் சொன்னது அவ்வளவுதான்.

"நீங்க ரிவ்யூ பண்ணீங்களா?" மேனேஜர் கிளிஃபர்ட் கேட்டார்.

"பண்ணேன் சார். கண்ல படல."

பொய். தீபிகா என்னைப் பார்த்தாள். திருத்திய புரோகிராமை அனுப்பிவிட்டு, அன்றே ராஜினாமா செய்தாள்.

அதைத்தான் அடுத்த ஞாயிறு மதியம் வீட்டில் சோதித்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை. மேஜையில் பெட்டி பிரித்த புது மானிட்டர். விரலில் மாட்டும் கிளிப் பக்கத்தில் சும்மா கிடந்தது.

3.36. பிளக்கைப் பிடுங்கினேன். பேட்டரிக்கு மாறியது. ஹேங் ஆகவில்லை.

பீப்... பீப்...

திரையில் 62.

கிளிப்பில் யார் விரலும் இல்லை.

கிளிப் ஒயரை உருவினேன். எண் போகவில்லை.

3.39. 57.

3.41. திடீரென்று 118. பீப் சத்தம் ஓடியது... யாரோ எழுந்திருக்கப் போராடுவது போல.

பேட்டரியைக் கழற்றக் கை நீட்டினேன். முடியவில்லை. கழற்றினால் நானே கொல்வது போல இருந்தது.

3.44. 31.

"மன்னிச்சிடுங்க" என்றேன். யாரிடம் சொன்னேன்... தெரியாது.

பீப்......... பீப்...

3.46. 9.

3.47. ஒரே கோடு.

உடனே கிளிஃபர்டுக்கு மெயில் எழுதினேன். நான் ரிவ்யூ பண்ணவில்லை, தப்பு தீபிகாவுடையது மட்டும் இல்லை என்று. மானிட்டரில் பார்த்ததை மட்டும் எழுதவில்லை.

நாலு நாள் கழித்து, திருத்தத்தைப் போட அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் ஒரு பெண் என்னிடம் வந்தாள். ஏதோ சர்டிஃபிகேட் வாங்க வந்தவள். பெயர் ஜொவிட்டா. மானிட்டர் ஹேங் ஆன அன்று இறந்துபோன நோயாளி பவுல்சாமி வாத்தியாரின் மகள்.

"நீங்க மானிட்டர் கம்பெனியா சார்?"

தலையசைத்தேன்.

"அன்னிக்கு மதியம் கரண்ட் போய் உடனே வந்துச்சு. 3.36. ஸ்க்ரீன்ல 62 இருந்துச்சு, நல்லாத்தான் இருக்கார்னு டீ வாங்கக் கீழ போனேன். திரும்பி வந்தப்ப 3.47. அப்பவும் 62தான். அப்பா போயிட்டாரு."

பையிலிருந்த நோட்டைத் தொட்டேன்.

"நடுவுல பதினோரு நிமிஷம்... ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பாரா? எங்கயாவது பதிவாயிருக்குமா சார்?"

"எதுவும் பதிவாகலம்மா" என்றேன். "தூக்கத்துலயே போயிருப்பார்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.