வராண்டாவில் வரைந்த உடம்பு

முதுகுக்குக் கீழே சிமெண்டுத் தரை சில்லென்று இருந்தது. சாக்பீஸ் என் காதோரம் கிறீச்சிட்டுக்கொண்டு தோளுக்கு இறங்கியது.

மண்ணூர்ப் பக்கம் எங்கள் பள்ளி. நாலாம் வகுப்பில் உடம்பின் பாகங்கள் பாடம். ஒரு பிள்ளையைப் படுக்கவைத்துச் சுற்றிக் கோடு போட்டு, பாகங்களின் பெயர் எழுதிய அட்டைகளை அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். யார் படுப்பது என்று டீச்சர் கேட்டதும் நான் கையைத் தூக்கிவிட்டேன். எனக்கு இடது பாதம் பிறவியிலேயே உள்ளே மடங்கியது, முட்டியும் கூடவே வளையும். தெருவில் எனக்குப் பெயர் "கோணக்காலி". ஆட்டத்தில் சேர்க்க மாட்டார்கள், செருப்புகளுக்குக் காவல் இருப்பேன். ஒரு நாளாவது நடுவில் இருக்க ஆசை.

"இவ வாணா டீச்சர், மனுசப் படம் மாரியே வராது" என்றான் பாபு. எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையை இறக்கிவிடலாமா என்றிருந்தது.

பக்கத்து வீட்டு மேரி சாக்பீஸை எடுத்துக்கொண்டாள். "அப்போ இவ இன்னா மாடா? நீ படுடி."

டீச்சர் தடுக்கவில்லை.

தலை, கை எல்லாம் விறுவிறுவென்று போட்டவள், இடது காலுக்கு வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு மெதுவாகப் போனாள். நேராக இழுத்து ஏமாற்றவில்லை. பாதம் மடங்கிய இடத்தில் கூசியது, நெளிந்தேன். "ஆடாத எரும, கோடு கோணலாப் பூடும்" என்றாள். இரண்டு பேருமே சிரித்துவிட்டோம்.

பாபு புத்தகத்தைப் பார்த்து "முழங்கால்" அட்டையை வைத்தான். அது கோட்டுக்கு வெளியே விழுந்தது. டீச்சர் குனிந்து, என் முட்டி இருந்த இடத்துக்கு அதை நகர்த்தினார்.

மணி அடித்ததும் ஒவ்வொருவராக அந்தக் கோட்டுக்குள் படுத்துப் பார்த்தார்கள். தலை பொருந்தும், கை பொருந்தும், கால் வெளியே போய்விடும். பாபு பாதத்தை மடக்கப் பார்த்து, "ஐயோ, சுளுக்கிக்கிச்சு" என்று கத்தினான். அப்புறம் என்னிடமே வந்தான். "எப்டி மே வெச்ச? காட்டு." படுத்துக் காட்டினேன். கோடு அழியும்வரை அதுதான் ஆட்டம். யார் சரி, யார் அவுட்டு என்று சொல்வது நான். "கோணக்காலி" என்று கூப்பிடுவது அதனால் நிற்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆட்டத்துக்கும் கூப்பிட்டார்கள்.

இப்போது அந்த வராண்டாவுக்கு டைல்ஸ் போட்டுவிட்டார்கள், சாக்பீஸ் பிடிக்காது. மேரி கல்யாணமாகிப் போய்விட்டாள். நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து பார்க்கும் வேலையில் இருக்கிறேன். லைனில் கூட இருக்கும் தெற்கத்திப் பிள்ளைகள் "அக்கா, அக்கா" என்று பாசமாக இருப்பார்கள். நான் எழுந்து நடந்தால் மட்டும் சட்டென்று கண்ணைத் தூக்கி என் முகத்திலேயே வைத்துக்கொள்கிறார்கள். மரியாதைதான். என் காலை நன்றாகப் பார்த்துவிட்டே பேசினால் எனக்குத் தேவலை.