அடுப்புக் கயிற்றில் மணி பிளான்ட்

மணி பிளான்ட் என்றாலே எனக்குக் குமட்டும். இன்றைக்கும் யார் வீட்டிலாவது அந்தப் பளபளப்பு இலையைக் கண்டால், புளித்த பால் வாடை மூக்கில் ஏறுகிறது.

அப்போது குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் என் வீட்டுக்காரர் ஆபீஸ் கிளார்க். மேட்டுப்பாளையத்தில் தன் அக்கா வீட்டுக்குப் போனவர், அக்காவுக்குத் தெரியாமல் ஒரு கொடியை ஒடித்துச் சட்டைக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார். கேட்டு வாங்கினால் பிடிக்காதாம், திருடித்தான் நட வேண்டுமாம். கொடி வளர்ந்தால் குடும்பம் வளருமாம். கூடப்பிறந்தவள் வீட்டில் திருடிவிட்டு வந்த முகத்தில் என்ன ஒரு பூரிப்பு!

பிராந்தி பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஜன்னலில் வைத்தார். கீழ்நாட்டுச் செடி, எங்கள் மலைக்குளிரில் மஞ்சளாகிச் சுருண்டது. போய்த் தொலையட்டும் என்றிருந்தேன். மனிதர் விடுவாரா? வீட்டிலேயே சூடான இடம் விறகடுப்புக்கு மேலேதான் என்று, அங்கே ஆணி அடித்துப் பாட்டிலைத் தொங்கவிட்டார். கொடி பிழைத்துக்கொண்டது. பக்கத்தில் நான் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து அடுத்த சுவர்வரை படர்ந்தது.

அந்தக் கயிறு என் கைக்குழந்தையின் துணி காயப்போடக் கட்டியது. மழைக்காலத்தில் அந்த மலையில் வெளியே எதுவும் காயாது, அடுப்புச் சூடுதான் கதி. கொடிமேல் ஈரத்துணி போட்டால் இலை அழுகிவிடும் என்று அவர் தடுத்துவிட்டார். குழந்தைக்கு அரைகுறை ஈரத்தில்தான் துணி கட்டினேன். தொடை இடுக்கெல்லாம் புண், விடாத சளி.

செடிக்கோ ராஜ உபசாரம். இலை மினுங்கவேண்டும் என்று பாலில் பஞ்சை நனைத்துத் துடைப்பார். பாலும் புகையும் தாளிப்பு எண்ணெயும் சேர்ந்து இலையில் பிசுபிசுவென்று ஒட்டும். அதில் ஈ மொய்க்கும். பாட்டில் தண்ணீர் சாக்கடையாக நாறும், வேரைத் தொட்டால் வழவழவென்று கையோடு வரும். சீ! அதற்குக் கீழே நின்றுதான் நான் சோறு பொங்கினேன்.

"ஏனுங்க, கொழந்தைக்குத் துணி காயோணுமுங்க. இதை எடுத்துப் போடுங்க."

"வாயைக் கழுவு. கொடியில கை வெச்சா குடும்பம் வெளங்காது."

ஆடி மழையில் அவருடைய அக்கா வந்தார். வந்ததும் குழந்தையைக் கையில் வாங்கினார்.

"ஏன் புள்ள, இப்படிச் சில்லுனு கெடக்குது?" என்றவர் நிமிர்ந்து பார்த்தார். "அட, எங்க ஊட்டுக் கொடியாட்டவே இருக்குது! கருமம், பூச்சி அடையுதுன்னு நான் எப்பவோ புடுங்கி எறிஞ்சுட்டேன்."

என் வீட்டுக்காரருக்கு முகம் செத்துவிட்டது. "அப்பறம் ஒண்ணும் ஆவலையா?"

"என்ன ஆவும்? ஊடு சுத்தமாச்சு."

அவ்வளவுதான். நான் கத்தியை எடுத்தேன். "ஏய், ஏய்" என்று அவர் எழுவதற்குள் கொடி துண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. பாட்டிலோடு வாரி மழையில் எறிந்தேன். கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவியும் அந்த வழவழப்பு போகவில்லை. அவர் குடையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

கயிற்றைத் துடைத்துத் துணிகளைப் போட்டேன். சாயங்காலத்துக்குள் முதல் துணி மொறமொறவென்று காய்ந்திருந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், சூடாக இருந்தது. குழந்தைக்குக் கட்டினேன். கட்டிய கையோடு நனைத்துவிட்டது.

நனைக்கட்டும். கயிறு நிறையத் துணி இன்னும் இருந்தது.