மணிக்கூண்டு பக்கத்தை நான் மூடாமல் விட்டது

பேராக் மாநிலத்தில், சிலிபினில் ஓர் அச்சகத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் அடித்தோம். கடைசிக் காலத்தில் எங்களைத் தூக்கி நிறுத்தியது மரண அறிவிப்பு வெப்சைட்தான். அதன் பெயர் ‘மணிக்கூண்டு’. நான் பிறந்த ரப்பர் தோட்டத்தின் பெயர் அது. தோட்டத்தை அழித்து வீடமைப்புத் தாமான் கட்டி, அதற்கு வேறு பெயரும் வைத்துவிட்டார்கள். சிதறிப்போன எங்கள் ஆட்கள் தினமும் காலையில் வெப்சைட்டைத் திறந்து, யார் தவறிவிட்டார்கள் என்று பார்ப்பார்கள்.

முதலாளி கமலா ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணே, பேர மாத்தணும்லா. கமுந்திங்லேருந்து போன் பண்ணி, ‘இது ஒங்க தோட்டத்து ஆளுங்களுக்கு மட்டுமா’ன்னு கேக்குறாங்க. ‘பேராக் நினைவஞ்சலி’ன்னு வச்சிருவோம்.”

“பத்து வருஷமா பழகுன பேரு. மாத்துனா சனங்க எங்க போயித் தேடும்?”

“அதுக்குத்தான் ரீடைரக்ட் போடச் சொல்றேன். பழசத் தொறந்தா புதுசுக்கு வந்துரணும்.”

அவர் கேட்டது நியாயம்தான். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. புதுப் பெயரில் டொமைன் வாங்கினேன், அறிவிப்புகளை அங்கே போட ஆரம்பித்தேன். பழைய பக்கத்தை மட்டும் அப்படியே விட்டேன். ரீடைரக்ட் போட்டால் அந்தப் பெயர் ஒரு நொடிகூடத் திரையில் நிற்காது. ஓர் ஓரத்திலாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். ஃபேஸ்புக்கில் பெயர் மாற்றத்தைச் சொல்லிவிட்டோமே, அது போதும் என்று சமாதானம் செய்துகொண்டேன். கமலாவிடம் “ஆச்சும்மா” என்று பொய் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து பஸ் ஏறி ஓர் அம்மா கடைக்கு வந்தார். பெயர் சரஸ்வதி. எழுபது வயதிருக்கும். எங்கள் தோட்டத்தில் பிறந்தவர். கையில் இருந்த போனை என்னிடம் நீட்டினார். மணிக்கூண்டு பக்கம் திறந்திருந்தது.

“தெனமும் காலையில இதப் பாத்துட்டுத்தான் கோப்பி குடிப்பேன் தம்பி. ரெண்டு மாசமா புதுசா ஒண்ணும் வரல. நம்ம ஆளுங்க எல்லாம் நல்லாருக்காங்கன்னு நிம்மதியா இருந்தேன். எங்கண்ணன் முனியாண்டி போயிட்டாரு. பதினாறு முடிஞ்சப்பறம் கோயில்ல ஒருத்தர் சொல்லித்தான் தெரியும். வாய்க்கரிசி போடக்கூட நான் இல்ல.”

சரஸ்வதி அம்மாவின் போன் நம்பர் மாறியிருந்தது. வெப்சைட்டில் போட்டால் அத்தை எப்படியும் பார்த்துவிடுவார் என்று அண்ணன் மகன் நம்பியிருக்கிறார். அந்த அறிவிப்பை டைப் செய்தது நான்தான்.

என் பொய் கமலாவுக்கும் தெரிந்துபோனது. சரஸ்வதி அம்மாவை உட்காரவைத்து, அவர் கண்முன்னாலேயே ரீடைரக்ட் போட்டேன். இரண்டு நிமிட வேலை.

இப்போது வெப்சைட் நடத்தும் பிள்ளைகள், பழகிய பெயரை மாற்றலாமா என்று என்னிடம் கேட்பதுண்டு. காரணம் இருந்தால் மாற்றுங்கள் என்பேன். ஆனால் பழைய பெயரை நம்பி வருகிறவரைக் கையைப் பிடித்துப் புது இடத்துக்குக் கூட்டி வாருங்கள். பாசத்தில் பழைய கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே ஆளில்லாமல் விட்டுவிடாதீர்கள். நான் செய்தது அதுதான்.

அன்று அந்த அம்மா மறுபடி மணிக்கூண்டைத் திறந்தார். புதுப் பக்கம் வந்தது. விரலால் தள்ளித் தள்ளி அண்ணன் படத்தைக் கண்டுபிடித்தார். கீழே, பிரிவால் வாடுவோர் வரிசையை மெதுவாக வாசித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

“தங்கச்சி சரஸ்வதின்னு எம்பேரு இருக்கே தம்பி” என்றார். “அண்ணன் சாவுக்கு எம்பேரு மட்டும் போயிட்டு வந்துருச்சு.”