இரண்டு கிட்டாருக்கு இரண்டு வீட்டுக் கரண்ட்

எங்கள் தாராவி இசைக்குழுவில் கிட்டார் வாசித்தவர் செல்வம் அண்ணன். மென்மையான பாட்டுக்கு, ஆம்ப்ளிஃபயரில் இணைக்கப் பிக்கப் வைத்த மரக் கிட்டார், ஆட்டப் பாட்டுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் என்று கண்ணிமைப்பதற்குள் மாற்றுவார். கைதட்டலே அதற்குத்தான்!

அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்குச் சந்தின் இரண்டு பக்கத்து வீடுகளும் கரண்ட் கொடுக்கும். ஒரு பக்கத்தை விட்டால் மனத்தாங்கல் வரும். அதனால் இரண்டு கிட்டாரின் ஆம்ப்ளிஃபயர்களையும் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டினோம்.

"அண்ணே, ரெண்டையும் சேத்துத் தொட்டா சுர்ருங்குது" என்றேன்.

"ஏலே, அம்மன் கூச்சங்காட்டுதா. சலேகா, அதெல்லாம் ஓடும், நீ போய் டிரம்ஸத் தட்டு!"

பாட்டு மாறியது. வலது கை மரக் கிட்டாரின் கம்பியில் இருக்க, அண்ணன் இடது கையால் எலெக்ட்ரிக் கிட்டாரைப் பிடித்தார். இரண்டு கைகளும் கம்பிகளோடு ஒட்டிக்கொண்டன. உடம்பு உதறியது. புது ஸ்டைல் என்று நினைத்துக் கூட்டம் விசிலடித்தது. நான் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் கீழே விழுந்தார்.

உயிர் தப்பியது. ஆனால் இடது கை விரல்கள் கருகி மடங்கிவிட்டன. இனி கம்பியை அழுத்த முடியாது.

ஒரு வீட்டு லைனின் கோளாறில் கிட்டார் கம்பி வரை வந்திருந்த கரண்ட், இரண்டையும் தொட்ட உடம்பு வழியாகப் பாய்ந்திருக்கிறது. இப்போதெல்லாம் யார் கோபித்தாலும் ஒரே வீட்டு லைன்தான். வாசிக்கும் முன் இரண்டு கிட்டாரின் கம்பிகளிலும் நானே டெஸ்டர் வைத்துப் பார்க்கிறேன். போன கொடையில் அண்ணன் மேடையோரம் வந்து நின்றார்.

"டெஸ்டர் லைட்டு எரியலைல்லா? அப்ப வாசிங்கலே" என்றார். முதல் பாட்டு தொடங்கியபோது அவர் அங்கே இல்லை.